தூக்கிப் பார்த்து எழுதுகிறவர்

தூக்கிப் பார்க்காமல் மேடம் எதையும் எழுதமாட்டார். அட்டைப்பெட்டி என்ன கனம் என்று கேட்டால் பேக்கிங்கில் நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், பேனா மூடியைத் திறக்கமாட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று அந்த ஆளை நகர்த்துவார். அந்த ஆள் நின்ற இடத்தில் நின்று, அவர் தூக்கியதைத் தூக்கி, அவர் வைத்த இடத்தில் வைப்பார். பத்துத் தடவை, சில சமயம் இருபது தடவை. மூச்சு வாங்க நின்றுவிட்டு அப்புறம்தான் எழுதுவார். "வாய் சொல்லுததை எழுத நான் எதுக்கு? உடம்பு சொல்லணும்லா" என்பார்.

இதெல்லாம் இரண்டாயிரத்துக்குப் பிறகான வருஷங்களில். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட்காரர்களை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். முதலில் தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு, ஆட்கள் எப்படிக் குனிகிறார்கள், எவ்வளவு தூக்குகிறார்கள், அதனால் உடம்புக்கு என்ன ஆபத்து என்று கணித்து வைத்திருக்கிறீர்களா என்றார்கள். எங்கள் முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "குனியறதுக்கும் நிமிர்றதுக்கும் ஃபாரம் போட்டு எழுதோணுமாமா? ஏனுங்க, எங்க தாத்தன் காலத்துல இருந்து குனிஞ்சுட்டுத்தானுங்க இருக்கறோம்!" என்றார். சிரித்து முடித்த கையோடு மேடத்தை வேலைக்கு எடுத்தார். பையர் விஷயத்தில் அவருடைய சிரிப்பு அவ்வளவு நேரம்தான் நிற்கும்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நர்ஸாக வேலை பார்த்தவர், அப்புறம் தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஏதோ படித்துவிட்டு, தையல் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த கணவரோடு இந்த ஊருக்கு வந்தவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் வைத்திருந்தார். கழுத்து எவ்வளவு வளைகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது, கை எங்கே போகிறது, கால் எப்படி நிற்கிறது, தூக்கும் எடை என்ன என்று கட்டங்கள் இருக்கும். கூட்டினால் வருகிற எண்ணைப் பொறுத்து அந்தத் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் ஒட்டுவார். சிவப்பு ஒட்டிவிட்டால் அந்த வேலையை மாற்றியாக வேண்டும், மாற்றியதைப் பையரிடம் காட்டியாக வேண்டும். ஆட்கள் கணக்கைப் பார்க்கும் பர்சனல் ஆபீஸில் உதவியாளனாக இருந்த என்னை, தாள் வைத்து எழுதும் அட்டையைத் தூக்கிக்கொண்டு அவரோடு சுற்றச் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

முதல் நாள் நான் வணக்கம் சொன்னபோது அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒங்க வலது தோளு எடதைவிட ஏறி நிக்கி. போனை இடுக்கிக்கிட்டே எழுதுவியளோ?" என்றார். அப்படித்தான் எழுதுவேன். அதுவரை ஒன்றும் சொல்லாத தோள் அன்று சாயங்காலமே வலிக்க ஆரம்பித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அவர் பார்வைக்கு அப்படி ஒரு குணம் இருந்தது. கம்பெனியில் பாதிப் பேர் அவர் வருவதைப் பார்த்தாலே நிமிர்ந்து நிற்பார்கள், மீதிப் பேர் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

தைத்து வரும் பனியன்களில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள்தான் அவருக்கு 'குனியாதக்கா' என்று பெயர் வைத்தவர்கள். காலை முழுக்க ஒரு பெண்ணின் இடத்தில் நின்று பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கச் சொன்னார். வரிசையில் ஒரு பெண் மட்டும் குள்ளம். அவளுக்கு மேசை நெஞ்சு வரை ஏறிவிட்டது. மேடம் நேராகத் தச்சரிடம் போய் நிற்பதற்கு ஒரு பலகை செய்து வாங்கி வந்து, தானே ஏறி நின்று ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவளை ஏற்றினார். அயர்னிங்கிலும் இதே கதைதான். மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் அரை மணி நேரம் பெட்டி போட்டார். ஒரு பனியனின் முதுகில் பழுப்பாகத் தடம் விழுந்தது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இங்கனதான் இழுக்குது, என்ன மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஆமாங்க மேடம், பன்னெண்டு வருசமா அங்கதானுங்க இழுக்குது" என்றார்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்கமாட்டார். காங்கேயத்தில் எங்கள் அக்கவுண்டன்ட் வீட்டுக் கல்யாணம். இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வந்துவிட்டது. மேடம் சோற்றில் கை வைக்கவில்லை. என் காதோரம் சாய்ந்து, "அந்தத் தம்பி இந்த ஒரு வரிசைக்கே முப்பத்தாறு தடவை குனிஞ்சிட்டாரு. வாளி எடது கையை விட்டு மாறவே இல்ல, பாத்தியளா?" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. எதிர்வரிசைக்கே கேட்டது. அன்றைக்கு எங்கள் பந்தியில் ஒருவரும் இரண்டாவது தடவை சாம்பார் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாட்களில் அவர் ஒரே ஒரு பக்கம் மட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாக இருந்தது. காரணம் என் மச்சான்.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் கொப்பரை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். நான்தான் முதலாளியிடம் சொல்லி எங்கள் சாயப் பிரிவான டையிங்கில் சேர்த்துவிட்டேன். ஹைட்ரோவில் வேலை. சாயம் போட்டு வருகிற ஈரத்துணியைச் சுற்றிப் பிழியும் இயந்திரம் அது. இடுப்பு உயரத்துக்கு வாய் திறந்து நிற்கும் பெரிய இரும்புத் தொட்டி. டிராலியில் கிடக்கும் துணியைக் குனிந்து அள்ளி, அப்படியே இடுப்பைத் திருப்பி, தொட்டிக்குள் கவிழ்ந்து அடி வரை இறக்கி அமுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு ரோல் துணியை மூன்று தடவையாக அள்ளுவார்கள். மச்சான் ஒரே அள்ளாக அள்ளிப் போடுவார். ஆறு மாதமாக அவருக்கு முதுகு சரியில்லை. சட்டைக்கு அடியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"மாப்ள, அந்தம்மாளை ஹைட்ரோ பக்கம் கூட்டீட்டு வந்தராத. ஒரு பார்வை பாத்தாலே கண்டுபுடிச்சுருமாட்ட இருக்குது" என்று மச்சான் சொல்லியிருந்தார்.

போதாததற்கு முதலாளியும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஹைட்ரோவுல செவப்பு கிவப்பு வந்துதுன்னா, அந்த வேலையையே வெளிய ஜாப் ஒர்க்குக்கு உட்ருவேன். ஆளை வெச்சுட்டு வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்லீட்டிருக்க என்னால ஆகாதுங்க. பாத்துக்குங்க."

சிவப்பு விழுந்தால் மச்சானுக்கு வேலை இல்லை. முதுகு சரியில்லாத ஆளை வேறு யார் எடுப்பார்கள்? அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். நான் மேடத்தை ஸ்டோருக்குக் கூட்டிப் போனேன், பேக்கிங்குக்கு இரண்டாவது தடவை கூட்டிப் போனேன், கேன்டீனில் சோறு வடிப்பவரைக்கூடப் பார்க்க வைத்தேன். மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். "டையிங்குக்கு எப்பம் போவோம் தம்பி?" என்று தினமும் கேட்பார். லோடு அதிகம், மெஷின் ரிப்பேர் என்று ஏதாவது சொல்வேன். சொல்லும்போதே என் தோள் தன்னால் ஏறும். அவர் அதையும் பார்ப்பார்.

ஒரு மதியம் ஃபைல் எடுக்க ஸ்டோர் அறைக்குள் போனேன். தரையில் அட்டைகளை விரித்து, முழங்காலை மடக்கி, மேடம் மல்லாந்து படுத்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட முதுகை வளைக்காமல், சுவரைப் பிடித்துக் காலை மடக்கி உட்கார்ந்து எழுவார். அதைச் சரியான முறை என்று நினைத்து செக்கிங் பெண்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்து எழப் பழகியிருந்தார்கள். முறை பாதிதான், மீதி வலி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"பேஷண்டுகளைத் தூக்கின காலத்து வலி தம்பி. இப்பம் ரெண்டு மாசமா அதிகமாயிட்டு" என்றார், எழுந்திருக்காமலே. "யாருட்டயும் சொல்லாதீங்க. எனக்கே முதுகு போச்சுன்னா அப்புறம் நான் சொல்லுததை யாரு கேப்பா?"

எனக்குப் பாவமாக இருந்தது, அது உண்மை. அடுத்த நிமிஷமே இன்னொரு நினைப்பும் வந்தது. இந்த முதுகை வைத்துக்கொண்டு ஹைட்ரோ துணியை இவரால் தூக்கிப் பார்க்க முடியாது. மறுநாள் காலையில் நானே போய், "மேடம், ஹைட்ரோவைப் பாத்துடலாங்களா?" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த காரியங்களில் இதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

மச்சானை லீவு போடச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "நானில்லீன்னா புது ஆளுதான் நிக்கும். அது முக்கித் தூக்கறதைப் பாத்தா செவப்புத்தான் உழுகும். நாந் தூக்குனா பாரமே தெரியாது மாப்ள" என்றார்.

சொன்னபடியே தூக்கினார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேடம் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பத்து ரோல் போடும்வரை பார்த்தார். டையிங் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை, ஈரத்துணியின் கனம் அவருக்குப் பழக்கமில்லை. பிறகு டிராலி அருகே வந்தார். தலைப்பை இடுப்பில் செருகினார். இரண்டு கையையும் ஒரு ரோலுக்கு அடியில் கொடுத்தார். தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றவர் கையை வெளியே எடுத்துவிட்டார்.

"ஒரு ரோலு என்ன வெயிட்டு தம்பி?"

"துணியோட வர்ற லாட் கார்டுல இருபது கிலோங்க மேடம்."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் துணியின் எடை என்றால் காய்ந்த எடைதான். துணி பின்னும் நிட்டிங்காரர் அனுப்புவதும், சாயக்காரர் வாங்குவதும், கட்டிங்காரர் கேட்பதும் அந்த எடையைத்தான். நடுவில் அது தண்ணீரைக் குடித்துவிட்டு எவ்வளவு கனக்கிறது என்பதை யாரும் எந்தக் கார்டிலும் எழுதுவதில்லை. இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும் என்பது தூக்குகிறவனுக்குத் தெரியும், தினமும் அங்கே போய்வருகிற எனக்கும் தெரியும்.

"ஈரத்தோடயா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாங்க மேடம், ஈரத்தோடதான்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதாமல் தாளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயரைச் சொல்லி, போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். இரண்டு மூன்று நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எடைக் கட்டத்தில் இருபது என்று இருந்தது. கூட்டிப் பார்த்தார். மஞ்சள்.

ஆடிட் பாஸாகிவிட்டது. முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மச்சான் என் முதுகில் தட்டி, "தப்பிச்சம் மாப்ள" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் முதல் லாட் ஏற்றும்போது மச்சான் தொட்டிக்குள் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கத்தவில்லை. தொட்டி விளிம்பில் வயிறு பதிந்து, கை உள்ளே தொங்க, "மாப்ளையக் கூப்புடு" என்று மட்டும் சொன்னாராம். நான் போனபோது அவரால் நிமிரவும் முடியவில்லை, சரிந்து விழவும் முடியவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை என்றார். நாலு பேர் பிடித்துத் தூக்கி, துணி டிராலியிலேயே படுக்கவைத்து வேன் வரை தள்ளிக்கொண்டு போனோம். கோயமுத்தூரில் ஆபரேஷன். முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரித்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்கு வந்தேன். ஹைட்ரோ பக்கம் கூட்டமாக இருந்தது. மேடம் டிராலி முன்னால் நின்றிருந்தார். தலைப்பைச் செருகியிருந்தார். நான் "மேடம், வேண்டாங்க" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. ரோலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். முழங்கால் உயரம்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மெல்ல இறக்கி வைத்துவிட்டு, டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்திருந்தார். ஸ்டோரிலிருந்து தராசு கொண்டுவரச் சொல்லி அதே ரோலை ஏற்றி எடை பார்த்தார். நாற்பத்தெட்டு. என்னை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தைத்தான் பார்த்தார், தோளை அல்ல.

முதலாளி அறையில் விசாரணை. மேசைமேல் அந்த மஞ்சள் வட்டத் தாள் இருந்தது. "ஏனுங்க மேடம், இருபதுன்னு எழுதி மஞ்சள் ஒட்டியிருக்கறீங்க. இந்த எடையை உங்களுக்கு ஆரு சொன்னாங்க?" என்று முதலாளி கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் என் வேலையும் போகும், மச்சானுக்குக் கம்பெனி செய்கிற வைத்தியமும் நின்றுபோகும் என்று பயந்தேன்.

"யாரு சொன்னா என்ன? நான் தூக்கிப் பாக்கல. பாக்காம எழுதிட்டேன். தப்பு என்மேல" என்றார் மேடம்.

அந்த மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள். போகும்முன் ஹைட்ரோவுக்குப் புதிதாக ஒரு தாள் எழுதி, நாற்பத்தெட்டு என்று போட்டு, சிவப்பு ஒட்டி, கையெழுத்திட்டு ஃபைலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆடிட்டில் அதைப் பார்த்துவிட்டார்கள். முதலாளியால் கிழிக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. முன்பு சொன்னதுபோல வேலையை வெளியே விடவும் இல்லை, துணியைத் தூக்கி இறக்க ஒரு செயின் பிளாக் மாட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இதை முன்னமே செய்திருக்கலாம் அல்லவா?

கடைசி நாள் கேட் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். "மச்சானைப் படுக்க வைக்கும்போது முட்டிக்குக் கீழ தலகாணி வைக்கச் சொல்லுங்க. எழுப்பும்போது கையைப் பிடிச்சு இழுக்காதிய, சரிச்சு எழுப்புங்க. அக்காட்டயும் சொல்லுங்க, அவங்க முதுகையும் பாத்துக்கிடணும்." பஸ் வந்தது. படியில் ஏறுவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. கண்டக்டர் சலித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மச்சான் நடக்கிறார், கம்பு ஊன்றி. வீட்டில் உட்கார்ந்து பனியனில் பிசிறு நூல் வெட்டிக் கொடுக்கிறார். அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. எழுந்து சுவரைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் மேடத்தைத் திட்டுவார். "படிச்ச பொம்பள. ஒழுங்கா எழுதியிருந்தா இன்னிக்கு எனக்கு இந்தக் கெதி வந்திருக்குமா?" நான் கீழே கிடக்கும் பிசிறு நூலைப் பொறுக்குவேன். அக்கா என் பங்குக்கும் சேர்த்து மேடத்தை இரண்டு வார்த்தை திட்டுவாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். மச்சான் நூல் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்து, "அந்தம்மா இப்ப எங்க இருக்குது மாப்ள, தெரியுமா? கண்ணுல பட்டா ஒரே ஒரு வார்த்தை கேக்கோணும்" என்றார்.

"அவங்களைக் கேக்க வேண்டாங்க மச்சான். என்னைக் கேளுங்க" என்றேன். ஸ்டோர் அறையில் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்தோடதான் என்று நான் சொன்னதைச் சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மடியில் கிடந்த பனியனை மடித்து ஓரமாக வைத்தார்.

"நீ போன் பேசப் போனியல்ல, அப்ப என்னையும் கேட்டுது அந்தம்மா" என்றார். "'அண்ணாச்சி, நீங்க தூக்குத ஆளு, நீங்க சொன்னா எழுதிக்கிடுதேன். ஈரத்தோட இருபதுதானா?'ன்னு கேட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கன்னேன்."